உயிர் போன பிறகும் உப்பு இழுத்த தோல்

கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை என்பது, தனக்கே நம்பிக்கை வராத ஒன்றை மற்றவர்கள் நம்பும்படி மேஜைமேல் வைத்துக் காட்டுகிற வேலை. கடையிலோ கச்சேரியிலோ பள்ளிக்கூடத்திலோ இப்படிக் காட்டியே பிழைக்கிறவர்களுக்கு என் பாடு தனியாகச் சொல்லாமலே விளங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில், தவளைகளை அறுத்துப் பாடம் காட்டுகிற தவளை அறை என் பொறுப்பில் இருந்தது. கட்டிடம் கமிட்டித் தலைவரான கவுண்டருக்குச் சொந்தம். அவர் தாராபுரம் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர். அது மழை பொய்த்த வருஷம். நாங்கள் தவளையைக் கொல்வதால்தான் மழை வரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, அவர் காதுக்கும் போய்விட்டது. நேரில் வந்து ஒருதரம் பார்த்துவிட்டு அறையைப் பூட்டப்போவதாகச் சொல்லி அனுப்பினார். அறை போனால் என் வேலையும் போகும். வேறு வேலை அப்போது யார் கொடுப்பார்கள்?

குளத்தங்கரைப் பஞ்சாயத்து

தவளை பிடிக்க அறைச் சிப்பந்தி பொன்னுச்சாமியோடு நானே குளத்துக்குப் போவேன். தண்ணீர் வற்றி நடுவில் ஒரு குட்டைதான் மிஞ்சியிருந்தது. ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து, என் கையிலிருந்த கூடையின் மூடியைத் திறந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஏனுங்க, மழையக் கூப்பிடற வாயி இது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது. அதையுமு கூடையில போட்டு மூடிப்போட்டீங்களே, படிச்சவங்க நீங்க செய்யலாமுங்களா?"

பேராசிரியர் நம்பவில்லை

எங்கள் பேராசிரியர் ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் படித்துவிட்டு என்னைச் செய்யச் சொன்ன பரிசோதனை இது. இறந்த தவளையின் தோலை உரித்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களுக்கு நடுவே தடுப்பாகக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உப்புத் தண்ணீர். சில மணி நேரம் கழித்து, எந்தப் பக்கம் எவ்வளவு உப்பு என்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். தோலின் வெளிப்பக்கத்தில் உப்பு குறைந்திருந்தது. உள்பக்கத்தில் கூடியிருந்தது.

கிண்ணம் அழுக்கு என்று கழுவினேன். உப்புத் தண்ணீரைப் புதிதாகக் கரைத்தேன். வேறு தவளை வைத்தேன். மறுபடியும் அதேதான். செத்ததிலிருந்து உரித்த ஒரு துண்டுத் தோல், ஆள் இல்லாத வீட்டில் அடுப்பு எரிகிற மாதிரி, தன் பாட்டுக்கு உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைத்தான் பார்த்தார், கிண்ணத்தை அல்ல.

"பத்திரிகையில படிச்சப்ப நான் நம்புனேனுங்க, இப்ப நீங்க சொல்றப்பதான் சந்தேகமா இருக்குது."

மரியாதை

உப்பை இழுக்கும்போது தோலில் எழுகிற சிறு மின்சாரத்தை அளக்க, அதன் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கருவி முள்ளையும் இணைத்தோம். தோல் வேலை செய்கிறவரை முள் எழுந்து நிற்கும். தண்ணீருக்குள் ஒரு குழாய் வழியே காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருப்போம். ஒரு நாள் பேராசிரியரின் மாமனார் பார்க்க வந்தார். அவர் தன் பருத்தி மில்லைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோதே முள் மெல்ல மெல்ல இறங்கிப் படுத்துவிட்டது. உப்பும் நகரவில்லை. கவுண்டர் வருகிற நேரத்தில் இப்படி ஆனால் என் கதி என்ன?

கடைசியில் பார்த்தால், காற்றுக் குழாயைப் பொன்னுச்சாமி திருகி மூடியிருந்தான். திறந்துவிட்டதும் சிறிது நேரத்தில் முள் எழுந்தது. அதிர்ச்சியிலும் ஒன்று புரிந்தது. தோல் சும்மா இழுக்கவில்லை, தன்னிடமுள்ள சர்க்கரையைக் காற்றால் எரித்து அந்தப் பலத்தில் இழுக்கிறது. மூச்சு நின்றால் இழுப்பும் நிற்கிறது. ஏன் மூடினாய் என்று கேட்டேன்.

"பெரியவங்க பேசறப்ப அது குபுகுபுன்னு குறுக்க பேசிட்டே இருந்துச்சுங்க, மருவாதியில்லைன்னு அமுத்திப்போட்டனுங்க."

கவுண்டர் வந்தார்

கையில் பூட்டோடுதான் வந்தார். அவர் மனைவி தவறி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் வாய் குழறி விளக்கினேன். கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வராது, கவலை ஏற்றத்தில் மாடு இழுக்க வேண்டும், மாட்டுக்குத் தீனி வேண்டும், இங்கே இழுக்கிறது இந்தத் தோல் என்றேன். அவர் குனிந்து மேஜைக்கு அடியில் கையால் துழாவினார். நீலகிரிப் பைகாராவிலிருந்து ஊருக்குப் புதிதாக வந்திருந்த கரண்டை இழுத்திருக்கிறோமா என்று பார்த்திருக்கிறார். கம்பி ஒன்றும் இல்லை. காற்றை நிறுத்திக் காட்டினேன், முள் படுத்தது. விட்டேன், எழுந்தது.

"தவளை எப்பச் செத்துச்சுங்க?" என்று கேட்டார். காலையில் என்றேன். அப்போது மணி மூன்றுக்கு மேல். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். "எங்கூட்டுக்காரி வெடியாலதான் போனா. மத்தியானத்துக்குள்ள எடுத்துப்போட்டமுங்க. அப்ப அவ தோலுமு..." என்று நிறுத்தினார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்றால் இந்த மனிதர் இனி எப்படித் தூங்குவார்? "தோலுக்கு நோவு தெரியாதுங்க. ஆள் போனதும் தெரியாது. இருக்கற வரைக்கும் வேலையச் செய்யும், அவ்வளவுதானுங்க" என்றேன். குனிந்து அந்த முள்ளை இன்னொருதரம் பார்த்தார். பிறகு எழுந்து, பூட்டை வண்டிக்காரனிடம் கொடுத்து வண்டியில் போடச் சொன்னார். வாசல்வரை போனவர் என் பக்கம் திரும்பினார்.

"உசுரோட இருக்கறப்பவே அவ அப்படித்தானுங்க இருந்தா."

கேள்வி கேட்பது நாம், பதில் சொல்வது தவளை என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், அது எவ்வளவு சௌகரியமான நம்பிக்கை என்று, கேள்வி என்னிடமே திரும்பி வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.