ஆட்டுக்குக் கொடுத்த முதல் காட்சி

தனக்கு எதிராகத் தானே படம் எடுத்துக்கொண்ட முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்னவாசலில், என் வீட்டுக் கொல்லையில் ஆசையாய் வைத்த கத்தரிச் செடிகளைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் ஆடு தினமும் மேய்ந்துவிட்டுப் போகும். கட்டிப் போடச் சொன்னால், "எங்க ஆடு அங்கிட்டு வாரதே இல்லையே தம்பி" என்பார். கையும் களவுமாகப் படம் பிடித்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு நியாயம் கேட்பதென்று முடிவு செய்தேன்.

செல்போனைத் தரையில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன். பிறகு படத்தை ஓட்டிப் பார்த்தால், ஆடு வந்து போனை முகர்ந்து பார்த்ததில் அதன் கண்கள் திரை முழுக்க நிறைந்திருந்தன. அடடா, என்ன அழகு! எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த இயக்குநர் எழுந்துவிட்டார். அந்தக் கண்களையே முதல் காட்சியாக்கி, சோகமான புல்லாங்குழல் இசையும் சேர்த்தேன். அதற்கப்புறம்தான் கம்போடு நான் ஓடி வருகிறேன்; கீழிருந்து எடுத்ததால் பனைமர உயரம், முகமெல்லாம் இருட்டு. செடிகள் ஓர் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தன.

குழுவில் போட்டதும், "பாவம், வாயில்லா சீவன்", "பசிச்சா ரெண்டு எலை திங்கக் கூடாதாப்பா?" என்று ஒரே அனுதாப அலை. என் மனைவியே, "இப்படியாங்க வெரட்டுவீங்க?" என்று கண்ணைத் துடைத்தாள்.

முதலில் யார் கண்ணைக் காட்டுகிறோமோ, ஜனம் அவர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் யார் கதை சொன்னாலும், முதலில் யார் முகம் வருகிறது என்று கவனிக்கிறேன்.

மறுநாள் செல்வி அக்காவிடம், "அதான் படத்துலயே தெரியுதே, இனியாச்சும் கட்டிப் போடுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"ஹீரோவ யாராச்சும் கட்டிப் போடுவாங்களா தம்பி?"