அடை தெளியாத பாம்பு

எங்கள் வீட்டுப் பாம்பு சினையாக இருக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். பாம்பை வளர்த்தவர் என் கணவர், கண்டுபிடித்தது கோழிக்காரியான நான். பெட்டிக்குள் அது வயிற்றைப் பாதி மேலே காட்டி ஒருக்களித்துக் கிடந்தது. "இதுக்க வயித்துல முட்டை உண்டு" என்றேன். "ஆமா, நீ பாம்பு டாக்டராக்கும்" என்று கேலி செய்தார். கொஞ்ச நாள் கழித்து அவரே வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்குப் பால் விடாத கட்டன்சாயா ஒன்று போட்டுக் கொண்டுவந்து தந்தார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் குன்னத்துகாலில் எங்கள் வீடு. பின்புறம் அடைக்கோழியும் கரண்டு அடைப்பெட்டியும் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்பது என் தொழில். அவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு பைத்தியம் பிடிக்கும் அல்லவா, இவருக்குப் பிடித்தது பால் பைத்தான் என்கிற மலைப்பாம்பு. ஆப்பிரிக்கப் பாம்பு, விஷம் கிடையாது, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அதனால்தான் அந்தப் பெயர். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டும். இது முறைப்படி பதிவு செய்து வாங்கிய ஜோடி, ஆணுக்குத் தனிப் பெட்டி. அதையெல்லாம் சர்ச் பெண்களிடம் சொல்லி ஆகுமா? "வீட்டுக்குள்ளே ஏதேன் தோட்டமாக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். அதன்பிறகு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பலகாரச் செலவு மிச்சம் என்று நானும் விட்டுவிட்டேன்.

முட்டையிடுவதற்கு முன்பே அவருடைய லீவு முடிந்துவிட்டது. போகும்போது என்னிடம் சொன்னதெல்லாம் முட்டையைப் பற்றித்தான். இந்த ஜோடியை வாங்கிய நாளிலிருந்து குஞ்சு பார்க்க ஆசைப்பட்ட மனிதர். மீன்காரரிடம் கேட்டு வாங்கிய தெர்மோகோல் பெட்டியில் ஹீட்டர் வைத்து, சூடு ஏறினால் தானாக அணைகிற மாதிரி அடைப்பெட்டி செய்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு காலையில் பார்த்தால் பாம்பு எதையோ கட்டிப்பிடித்துக் கிடக்கிறது. ஆறு முட்டை. கோழிமுட்டையைவிடப் பெரியது, ஓடு கிடையாது, ஈரத்தோல் மாதிரி வெள்ளை. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தது. என்னால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அருவருப்பெல்லாம் எங்கே போனதோ. அவர் வீடியோ காலில் பதறிக்கொண்டே இருந்தார்.

"எடி, உருட்டாதே கேட்டியா. எப்பிடிக் கெடந்துதோ அப்பிடியே எடுத்து வை. மேலே பென்சில் வச்சு ஒரு அடையாளம் போடு."

நானும் கோழிமுட்டையில் பென்சில் அடையாளம் போடுகிறவள்தான். ஆனால் அது திருப்பிவைத்தோமா என்று தெரிவதற்கு. தினமும் உருட்டாவிட்டால் கோழிக்குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். பாம்புமுட்டையை உருட்டினால் உள்ளே இருக்கிறது செத்துப்போகுமாம். அதே பென்சில், அதே பெருக்கல் குறி, நேர் எதிரான வேலை. யார் யோசித்து வைத்தார்களோ என்று ஆச்சரியமாக இருந்தது. மொபைல் டார்ச்சை அடியில் பிடித்தபோது மட்டும் ஒரே மாதிரி. சிவப்பு நரம்பு கிளை கிளையாக ஓடியது.

முட்டையை அடைப்பெட்டிக்கு மாற்றியபிறகு தாயையும் பெட்டியையும் கழுவச் சொன்னார். முட்டை வாசம் போனால்தான் பாம்பு அதை மறந்து இரை எடுக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடை தெளியாத கோழியை நாங்கள் வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பதும் இதற்குத்தானே. சினைப்பட்டதிலிருந்து பாம்பு சரியாகத் தின்னவில்லை. கழுவும்போது முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. முட்டை அவருக்கு வேண்டும் என்றால் எனக்கு அது தின்ன வேண்டும். வெள்ளெலியை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு ஒரு மத்தியானம் காற்றும் மழையும் அடித்து, ரப்பர் மரம் ஒன்று லைனில் விழுந்தது. கரண்டு போனது, டவரும் போனது. இன்வெர்ட்டர் கூப்பாடு போட்டு அடங்கியது. கோழிமுட்டைகளை அடைக்கோழிகளுக்குப் பங்கு வைத்துவிட்டேன். பாம்புமுட்டைப் பெட்டியைச் சுற்றிச் சுடுதண்ணீர் பாட்டில் வைத்தேன். வைத்தால் சூடு கண்டபடி ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. அடுத்த நாள் காலையிலும் லைன்மேன் வரவில்லை. ஒரு முட்டையின் தோல் சுருங்க ஆரம்பித்திருந்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரு பொட்டலம் மஞ்சள்பொடியோடு வந்தார். அவர்கள் தோட்டத்தின் மூலையில் பாம்புக்கு விளக்கு வைக்கிற நாகர் காவு உண்டு. முட்டையின் மேல் தூவப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நல்லதுக்குத்தான் பிள்ளே" என்றார். "அப்பிடிண்ணா கோழிக்கு அடியில வச்சுப்பாரு. அடைக்கோழிக்கு என்ன முட்டைண்ணு தெரியவா போவுது?"

சிரிக்காதீர்கள், நான் யோசித்தேன். வாத்துமுட்டையைப் பொரித்துத் தந்த கோழி என்னிடம் இருந்தது. ஆனால் கோழியின் சூடு இதற்கு அதிகம், போதாததற்கு அது அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஆகாது என்று சொல்லிக்கொண்டே தாய்ப்பாம்பின் பெட்டியைத் திறந்தேன், எலியை மறுபடி நீட்டிப் பார்க்கலாம் என்று. அது தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி இறுக்கிக் கிடந்தது. எலியைக் காட்டினேன், அசையவில்லை. சட்டியை நகர்த்தப் பார்த்தேன், இன்னும் இறுக்கியது.

இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். முட்டையை எடுத்த பிறகும் வெறும் கூட்டில் கல்லை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோழி. "சேச்சி, இதுக்கு அடை தெளியல்லெ" என்றேன்.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. முட்டையைக் கொடுத்தால் பொரிகிறவரைக்கும், அதாவது இன்னும் மாதக்கணக்கில், இரை எடுக்காது. ஏற்கெனவே எலும்பு தெரிகிற உடம்பு. முட்டை பிழைத்துத் தாய் போனால் அவருக்கு என்ன பதில் சொல்ல? கேட்கலாம் என்றால் போனும் செத்துக் கிடக்கிறது. எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. பாம்பையும் வாங்கித் தந்துவிட்டு, முடிவையும் என் தலையில் கட்டிவிட்டு, அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

அடையாளம் மேலே இருக்க, கட்டியைத் தூக்கித் தாயின் பெட்டியில் வைத்தேன். பாம்பின் நாக்கு முட்டையின் மேல் ஒவ்வொரு இடமாகப் போய் வந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் அது மறக்கவில்லை போலும். சட்டியை விட்டுவிட்டு மெதுவாக வந்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, கடைசியில் தலையை மேலே வைத்துக்கொண்டது. முட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. சேச்சி கைகூப்பிவிட்டார். நான் சுடுதண்ணீர் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே சாய்த்துவைத்தேன்.

கரண்டு வந்ததும் போன் வந்தது. மறுபடி எடுத்து அடைப்பெட்டியில் வைக்கச் சொன்னார்.

"நான் எடுக்க மாட்டேன்."

"எடி, அது பட்டினி கெடந்து செத்துப்போவும்."

"இனி ஒருக்கா பிடுங்கினா எனக்குத் தாங்காது" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அந்த மாதங்கள் எனக்கு நல்லபடியாகப் போகவில்லை. தினமும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். முட்டையைப் பார்க்கவில்லை, அதன் முதுகைத்தான் பார்த்தேன். தோல் இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் எலும்பு வரம்பு போல நின்றது. தண்ணீரைச் சட்டியில் வைத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் சுற்றைத் தளர்த்தாமலேயே குடிக்கும். சர்ச்சில் பாம்புக்காக ஜெபிக்கலாமா என்று தெரியவில்லை. கேட்காமலே ஜெபித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது சுற்று தளர்ந்திருந்தது. முட்டைத்தோலில் பிளேடால் கீறிய மாதிரி கோடு. கோட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு. கோழிக்குஞ்சு என்றால் உடைத்ததும் வெளியே விழும், இது தலையை மட்டும் நீட்டி உலகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. மறுநாள்தான் வெளியே வந்தன. நான்கு குஞ்சு, இரண்டு முட்டை வீண். நான் தாய் என்ன செய்யும் என்று காத்திருந்தேன். கொக்கரித்துக் கூப்பிடுமா, அணைக்குமா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குஞ்சின் மேலேயே ஏறிப் போய்ப் பெட்டியின் மூலையில் தலையை நிமிர்த்தி நின்றது.

குஞ்சுகளை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு ஃப்ரீசரில் இருந்த எலியை இளகுவதற்குச் சுடுதண்ணீரில் போட்டேன். இடுக்கியில் பிடித்துத் தாய்க்கு நீட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் பிடுங்கிக்கொண்டது.

அப்போது போன் அடித்தது. குஞ்சைக் காட்டு, குஞ்சைக் காட்டு என்று அவர் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனைத் தாய்ப்பாம்பின் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒல்லிக் கழுத்துக்குள் எலி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"குஞ்சு எங்கடி?"

"இரிங்க" என்றேன், "முதல்ல இது தின்னட்டு."