இருபது வாரக் கச்சேரி

“ஒரு நாள் வயசுக் கோழிக்குஞ்சு, இருபது வாரத்துல முட்டை உடுதுங்க. அது அஞ்சறிவுச் சீவன். ஆறறிவு இருக்கற மனுசன் நானு, இருபது வாரத்துல ஒரு பாட்டு வாசிக்க மாட்டனாக்கும்?”

மகள் கயல்விழியின் நிச்சயதார்த்தப் பந்தியில், இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே புதுச்சத்திரம் ஜெகதீஸ்வரன் இப்படிப் பிரகடனம் செய்தார். மாசி மாதம், வளர்பிறை. நல்ல நேரம்தான், குற்றம் நேரத்தின் மேல் இல்லை.

சம்பந்தி பெரியசாமி கேட்டதும் வில்லங்கமான கேள்வி அல்ல. ஆனியில் நடக்கும் வரவேற்புக்கு எந்த ஆர்க்கெஸ்ட்ராவைச் சொல்லலாம் என்றுதான் கேட்டார். “அது எதுக்குங்க? நானே புல்லாங்குழல் வாசிச்சுப்போடறன்” என்றார் ஜெகதீஸ்வரன். அதுவரை புல்லாங்குழலை அவர் காலண்டர் கண்ணன் கையில்தான் பார்த்திருந்தார். எதிர் இலையில் இருந்த மச்சான் செங்கோட்டையனுக்குப் புரையேறிவிட்டது. “மாப்ள, உங்களுக்கு விசிலே வராதுங்களே” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் மேற்படி கோழிக் கணக்கு.

கணக்கு சும்மா சொன்னதல்ல. அந்த வாரம்தான் அவருடைய பண்ணையில் புதுக் குஞ்சுகள் ஐயாயிரம் இறங்கியிருந்தன. குஞ்சுகளும் அவரும் ஒரே நாளில் தொடங்குவது என்று முடிவாயிற்று. போட்டி நியாயமானது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதிலும் இல்லை.

குரு, நாமக்கல்லில் ஒரு பள்ளியின் பாட்டு டீச்சர் மதுமதி. கயல்விழியைவிட இரண்டு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் குழலைக் கையில் கொடுத்து, “மேல இருக்கற ரெண்டு ஓட்டைய மட்டும் மூடிட்டு ஊதுங்கண்ணா. அதுதான் ஸ” என்றாள்.

“ரெண்டு போதுமா அம்மிணி? அப்ப மிச்சம் ஆறு ஓட்டையும் எதுக்கு?”

“மொதல்ல இது வரட்டுங்கண்ணா.”

வரவில்லை. காற்று வந்தது. எச்சில் வந்தது. கொஞ்ச நேரத்தில் தலைசுற்றலும் வந்தது. ஸ மட்டும் வரவில்லை.

இருபத்தைந்து வருடம் கோழி வளர்த்தவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: எதையும் கோழி மாதிரி வளர்ப்பது. முதலில் தீவனத்தை மாற்றினார். பாதாம், தேன், மிளகுப் பால். ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுகளுக்கு மூக்கு நுனியை வெட்டிய அதே வாரம், காற்றைத் தடுக்கிறது என்று குற்றம் சாட்டி, தன் மீசையை எடுத்தார். அவருடைய கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூட இருந்த மீசை. மனைவி சௌந்திரம் கதவைத் திறந்து, “யாருங்க வேணும்?” என்று கேட்டுவிட்டாள். முட்டைப் பருவம் நெருங்கும் கோழிக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டுவார்கள் அல்லவா, அவரும் தனக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டார். விடியுமுன் டியூப்லைட்டைப் போட்டு அதன் அடியில் உட்கார்ந்து ஊதினார்.

“ஏனுங்க, இந்தக் குக்கரு மூணு விசிலோட நின்னுக்குது. நீங்க எப்ப நிப்பீங்க?” என்றாள் சௌந்திரம். குழல் சாதகம் கோழி ஷெட்டுக்கு மாறியது.

கோழிகள் உயர்ந்த ரசிகர்கள். எழுந்து போக வழியில்லை. முதல் வாரம் மிரண்டன. பிறகு தீவனம் போடும் சத்தத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டு, கூண்டுக்கு வெளியே தலையை நீட்டித் தின்றன.

சித்திரை போய் வைகாசி பாதியில், செங்கோட்டையன் மெனக்கெட்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். “மீசையே போயிருச்சு. பாட்டு வந்துச்சுங்களா மாப்ள?”

“வந்துக்கிட்டே இருக்குது மச்சான்.”

“எங்கிருந்து? மெட்ராஸ்ல இருந்தா?”

அன்று மாலை கயல்விழி அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, அவங்க ஊட்டுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. எங்க மாமனாரு அவரு சொந்தக்காரங்களையெல்லாம் உங்க கச்சேரிக்குன்னே கூப்பிட்டிருக்காரு. ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. ஆளு புடிச்சுக்கலாம். அங்க போயி நிக்கப்போறது நானுங்கப்பா.”

“அப்பன் சொன்னா சொன்னதுதான் கண்ணு” என்றார். சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய் நெடுநேரம் ஊதினார். காற்றுதான் வந்தது.

பத்தொன்பதாவது வாரத்தில் ஒரு காலை. தீவனம் போட்டு முடித்து, வழக்கம்போல ரெண்டு ஓட்டையை மூடி, உதட்டை எதற்கோ கொஞ்சம் தளர்த்தினார். ஷெட் சட்டென்று அடங்கியது. ஐயாயிரமும் வாயை மூடிக்கொண்டன. பண்ணைக்காரனுக்கு இரைச்சலைவிட அமைதிதான் பயம். பருந்தா, பாம்பா, சீக்கா என்று குழலை இறக்கிச் சுற்றிலும் பார்த்தார். கோழிகள் மறுபடி கொக்கரித்தன. சந்தேகத்தோடு ஊதினார். மறுபடி அடங்கின. அப்போதுதான் அவருக்கே கேட்டது. நேராக, சுத்தமாக, கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு ஸ.

மூச்சு இருக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வரிசையில் ஒரு கோழி, அந்தக் கூட்டத்தின் முதல் முட்டையை உருட்டிவிட்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். சின்னது, உள்ளங்கையில் சூடாக இருந்தது. அன்று நடந்ததை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரன் வரலாற்றில் இது முன்னெப்போதும் நிகழாதது.

அடுத்த வாரம் கோழிகள் வாக்குத் தவறாமல் முட்டையிட்டன. ஜெகதீஸ்வரனிடம் ஸ இருந்தது. ரி வரவில்லை.

வரவேற்பன்று மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் பெரியசாமியும் உறவுக்காரர்களும். பக்கத்தில், கண்ணுக்கு எட்டும்படி, செங்கோட்டையன். பட்டு வேட்டியும் மீசையில்லாத முகமுமாக ஜெகதீஸ்வரன் மேடையேறினார். கயல்விழி மாலையோடு நின்று அவரையே பார்த்தாள். அவர் குழலை எடுத்து, ரெண்டு ஓட்டையை மூடினார்.

ஸ.

மண்டபம் கோழி ஷெட் போல அடங்கியது. குழந்தைகள் ஓட்டத்தை நிறுத்தின. மூச்சு தீரும்வரை வாசித்தார்.

மைக்செட்காரர் ஓரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினார். “மைக்கு அருமையா எடுக்குதுங்கண்ணா. நீங்க பாட்ட ஆரம்பிங்க.”

இந்த இடத்தில் பழைய ஜெகதீஸ்வரனாக இருந்தால் குழலில் வெடிப்பு, மண்டபத்தில் ஏசி, தொண்டையில் சளி என்று காரணங்கள் வரிசையாக வந்திருக்கும். அவர் குழலை இறக்கினார்.

“அவ்வளவுதானுங்க” என்றார், மைக்கை விட்டுத் தள்ளி. கயல்விழிக்குக் கேட்டது. அவள் முதலில் தலையைக் குனிந்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். மாப்பிள்ளை என்னவென்று கேட்க, “எங்கப்பா வாசிச்சுட்டாருங்க” என்றாள்.

மைக்செட்காரர் செல்போனிலிருந்து ஏதோ பாட்டைப் போட்டுவிட்டார். படி இறங்கியவரை செங்கோட்டையன் மறித்தார்.

“ஏனுங்க மாப்ள, பாட்டு?”

“வரலீங்க மச்சான். கோழி கெட்டிக்காரிங்க.”

செங்கோட்டையன் மாதக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்த கேலிக்கு இதில் பிடி கிடைக்கவில்லை. பந்தியில் ரசம் வரவில்லை என்று யாரோ கூப்பிட்டார்கள். ஜெகதீஸ்வரன் குழலை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.