வெட்டாத படம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். அவரோடு சண்டை போட்டே வளர்ந்தவளுக்கு அது எளிதில் வரவில்லை.

போளூருக்கு அருகே வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டு, வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். அந்த வருமானத்தில்தான் நான் ஆசிரியையானேன். பிறகு சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் படமெடுக்கப் போனார். புயல், தேர்தல், தேர்த் திருவிழா என்று மாநிலம் முழுக்க அலைந்தார்.

"நம்ம மாநிலத்த ஒரு ஆள் மாதிரி நிக்க வச்சி முழுசா படம் புடிக்கணும்" என்பார்.

"மொதல்ல வூட்டுக்கு வந்து ஒழுங்கா சாப்புடுண்ணா" என்பேன்.

மழை பொய்த்த ஓர் ஆண்டு ஜவ்வாது மலைக்குப் போனார். அந்த வறட்சியிலும் சாமை விளைத்திருந்த ஒரு தாயை, மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். பத்திரிகையில் மூட்டைகளை வெட்டிவிட்டார்கள். அந்த அம்மாளின் களைத்த முகத்தை மட்டும் போட்டு, பட்டினியில் வாடுவதாக எழுதிவிட்டார்கள். அவர் மகனுக்கு மலையின் மறுகோடியில் பெண் பேசியிருந்தது. பத்திரிகையைப் பார்த்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள்.

மலையிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரிந்தது.

"அச்சாபீசுல பண்ண தப்புக்கு நீ இன்னாண்ணா பண்ணுவ? வுடு" என்றேன். அண்ணன் கேட்கவில்லை. முழுப் படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு மலையேறினார். பள்ளி விடுமுறையாதலால் நானும் போனேன்.

இரு வீட்டாரும் ஊர்ப் பெரியவர்கள் முன் கூடினார்கள். அந்தத் தாய் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க மூட்டையெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கேட்டார்.

"வெட்டுனது நான் இல்லம்மா. ஆனா வெட்டுறவங்க கையில குடுத்தது நான்தான்" என்று அண்ணன் அவர் காலில் விழுந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்ணின் தகப்பனார் படத்தை நெடுநேரம் பார்த்தார். சம்பந்தம் வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வீட்டில் பெண்வீட்டார் யாரும் கை நனைப்பதில்லை. அவர் எழுந்துபோய் அந்தத் தாயின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்.

"சாமச் சோறு இருந்தா போடும்மா, சாப்ட்டுட்டுப் போறேன்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் "வெட்டக் கூடாது" என்று எழுதியே அண்ணன் அனுப்பினார். சில மாதங்களில் பத்திரிகை அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைத்தார். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பஸ் ஏறிவிடுவார். நெஞ்சு நோயில் படுத்தபோதும், இன்னும் போகாத ஊர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிடிவாதக்காரர்.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட டாக்டர், நர்சம்மாக்கள், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த தெருவினர், தேனும் சாமையும் சுமந்து மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அட்டைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணனைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அந்த மலைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே கேமராவை வாங்கி எடுத்தது. அண்ணன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கலாம் என்றார் அச்சகக்காரர். நானும் தலையாட்டிவிட்டேன்.

"மத்தவங்கல்லாம் இன்னா ஆவாங்க?" என்று கேட்டார் அண்ணி.

எனக்குச் சுருக்கென்றது. அதனால் படம் முழுதாகவே இருக்கிறது. இடது கோடியிலிருந்து இரண்டாவதாக நிற்பவர்தான் அண்ணன். முகம் சிறியதாகத் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.