மறுபடியும் மூக்கிலிருந்து

விமானப் பயிற்சி கிளப்பின் முன்னறையில் உட்கார்ந்து, யார் எந்த விமானத்தை எப்போது எடுக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முதன்முதலில் தனியாகப் பறந்து இறங்கிய நாளில் அண்ணன் வைத்த பெயர் அது. விபத்துக்குப் பிறகும் யாரும் அதை விடவில்லை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது.

விபத்து பெரிய கதையொன்றும் இல்லை. நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். புறப்படுமுன் ஏணியில் ஏறி, இறக்கையின் மேலிருக்கும் எரிபொருள் தொட்டியைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்த்தாள். கீழே நின்ற அண்ணன், "இந்தப் பக்கம் திரும்பு, ஒரு போட்டோ" என்றான். மூடியை வைத்தாள், திரும்பினாள், சிரித்தாள். திருகி இறுக்கவில்லை. கீழே நிற்பவர் கண்ணுக்கு அந்த மூடி தெரியாது. மேலே போனதும் காற்று மூடியைத் தூக்கி, எரிபொருளை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அளவு காட்டும் முள் இறங்குவதை அவள் பார்த்தாள். பழைய முள், பொய் சொல்கிறது என்று நினைத்தாள். பல தவறுகள் தெரியாமல் வருவதில்லை, தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் வருகின்றன. இன்ஜின் நின்றது. ஒரு வயலில் மோதி இறங்கினார்கள். அவளுக்குக் கீறல்கூட இல்லை. அண்ணனின் வலது கால் நொறுங்கியது.

அவன் அவளை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. "மழை வருமான்னு இனிமே என் காலைக் கேட்டாப் போதும்" என்று சிரித்தான். ஆனால் மறுபடி கூட்டிப் போ என்றும் கேட்கவில்லை. அவள் சோதனைகளில் தேறி, உரிமத்தைத் திரும்ப வாங்கி, தனியாகப் பறக்கத் தொடங்கினாள். மேகத்துக்குள் வெயில் புகுந்து வரும்போது "அங்க பாரு" என்று வாய்வரை வரும். பக்கத்து இருக்கையில் பெல்ட் மட்டும் கிடக்கும்.

இப்போது அண்ணனுக்குத் தொலைதூரத்தில் வேலை. நாளைக் காலை குடும்பத்தோடு கிளம்புகிறான். இன்று மதியம் நொண்டிக்கொண்டே வந்து மேசை மேல் கையூன்றி நின்றான்.

"கேப்டன், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா?"

அவள் பதிவேட்டை இழுத்துத் தன் பெயரையே எழுதினாள். அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். "முழுசா கூட்டிட்டுப் போறே, முழுசா திருப்பிக் கொடு. பெட்டி தூக்க வேற ஆள் இல்ல" என்றாள் அண்ணி.

புறப்படுமுன் செய்யும் சோதனையை விமானத்தின் மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். ஆயில் பார்த்தாள். முன்னால் சுழலும் விசிறியின் விளிம்பை விரலால் தடவினாள். சக்கரம், பிரேக், இறக்கையின் கீல்கள். அண்ணன் வாயை இறுக்க மூடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வந்தான். அவள் ஏணியில் நின்றபோதுதான் அவனால் அடக்க முடியவில்லை.

"நம்ம வீடு மேலேருந்து தெரியுமா?"

"தெரியும்."

ஒரே ஒரு சொல். அவள் கை மூடியின் மேல் இருந்தது. இறங்கினாள். ஏணியை நகர்த்திவிட்டு மூக்குப் பக்கம் நடந்தாள்.

"என்ன, மறுபடியும் முதல்லேருந்தா? மூடியத்தான் திருகிட்டியே, உன் கை சுத்தினதை நான் பார்த்தேன்."

"நீ பார்த்தே. நான் பார்க்கல."

"அப்ப அதை மட்டும் பாரேன். காத்து ஏறுது."

"எதை விட்டேன்னு தெரிஞ்சா அதை மட்டும் பார்க்கலாம்ணா."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடுபாதை ஓரத்தில் காற்று காட்டும் துணிக்குழாய் உப்பி நின்றது. அவள் அதைப் பார்த்தும் வேகத்தைக் கூட்டவில்லை. இதைத் துணிச்சல் என்றோ ஞானம் என்றோ சொல்லிவிட முடியாது, பாதி பயம்தான். நடுவில் ஒருமுறை ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துவிடத் தோன்றியது. இந்த முறை மூடியைத் திருகி, இழுத்துப் பார்த்து, இறங்கியபோது துணிக்குழாய் ஓடுபாதைக்குக் குறுக்கே விறைத்துக்கொண்டு நின்றது. இந்த விமானம் தாங்கும் காற்றல்ல அது.

"முடியாதுண்ணா," என்றாள். இறக்கைகளைக் கயிற்றால் தரையோடு கட்டினாள்.

அவன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு, "உட்கார்ந்தாவது பார்க்கறேன், அதுக்கும் செக்கிங் உண்டா?" என்றான். வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து ஏறினான். பெல்ட்டை மாட்டினான். அவளும் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

காற்று வந்து இறக்கைகளைத் தூக்கியது. கயிறுகள் முறுகின. வேகம் காட்டும் முள், முன்னாலிருந்து மோதும் காற்றையே வேகமென்று எண்ணி, நின்ற இடத்திலிருந்து மெல்ல எழும்பி, நடுங்கி, விழுந்தது.

"அங்க பாரு," என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். "போறோமா?"

"இல்ல."

"தெரியும். சும்மா கேட்டேன்."

முள் மறுபடி எழும்புமா என்று பார்த்துக்கொண்டு, பெல்ட்டை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தான்.