திரியை ஒளிக்காதவர்

டர்போ பூட்டி நானே மாற்றியமைத்த காரைச் சிவகாசி நண்பர்களிடம் காட்டப் போய்க்கொண்டிருந்தேன். ஆமத்தூர் தாண்டியதும் இன்ஜின் திணறத் தொடங்கியது. சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் வண்டியை விட்டேன்.

அங்கிருந்த மெக்கானிக்குக்குக் காது மடல் வரை கிரீஸ். சட்டைப்பை மட்டும் சுத்தமாக இருந்தது. தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களை அதில் மடித்து வைத்திருந்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஒரு தாளைத் துண்டாகக் கிழித்து, ரப்பர் ஹோஸ்களின் ஓரமாகவே பொறுமையாக நகர்த்தினார். டர்போவுக்கு அடியில் தாள் படக்கென்று ஒட்டிக்கொண்டது. சூட்டில் வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ் அங்கே காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“இத யாரு இங்கன விட்டது?”

“நாந்தாண்ணே. வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்குமேன்னு...”

அவர் சிரித்தார். “வெடிக்குத் திரிய யாராச்சும் ஒளிச்சு வைப்பாகளா? கண்ணுல பட்டாத்தான கவனிப்பீக.”

புது ஹோஸைச் சூடு படாமல் இன்ஜினுக்கு மேலாகவே சுற்றிக் கொண்டுவந்தார். துணி காயப்போடும் கொடியைப் போல அது குறுக்கே கிடந்தது. ஆனால் இன்ஜின் சத்தம் சீராகிவிட்டது.

சிவகாசியில் நண்பர்கள் பானட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள்.

“இதென்னலே, கொடிக்கயிறா?”

“திரி” என்றேன். மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன்.

பட்டாசு கம்பெனிக்காரர்கள் அல்லவா, ஒருவனும் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் பெயரைக் கேட்டார்கள். நான்தான் கேட்காமல் வந்திருந்தேன்.