தீயைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது

பதினொரு வருடமாக வளைகுடாவில் தீப்பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தியில், ஆங்கிலத்தில், அரைகுறை அரபியில், எதுவும் பலிக்காதபோது கை ஜாடையில். தமிழில் மட்டும் கொடுத்ததில்லை. போன லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, திண்டிவனம் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. தொழிலாளர்களுக்கு நடத்துவது போலவே பத்து நிமிடம் தமிழில், ஸ்லைடு போட்டு நடத்திக் காட்ட வேண்டுமாம். மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் காலையில் டிபன் பாக்ஸோடு போனால், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த ஒன்றுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். நாற்பது நாள் லீவில் பன்னிரண்டு நாள் அப்போதே போய்விட்டிருந்தது.

பழைய ஸ்லைடுகளைத் தமிழாக்க உட்கார்ந்தேன். என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். மெஷினை விட்டு எழாமலே என் தமிழைத் திருத்தினாள். ‘ஒன்றுகூடும் இடம்’ என்று படித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றாள். ‘தீயணைப்பான்’ என்றால் யாருக்கும் புரியாது, சிவப்பு சிலிண்டர் என்று சொல்லச் சொன்னாள். ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவனுக்கு ஜாக்கெட் தைக்கிறவள் பாடம் சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சொன்னபடியே மாற்றினேன்.

லேப்டாப்பைத் திறந்தால் முதலில் அவள் படம்தான் வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு வீடியோ காலில் பேசும்போது நானே பிடித்து வைத்தது. எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால வெயில் முகத்தில் விழுகிறது. பின்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்தி, ஓலை போட்டு மூடிய ஒரு உப்புக் குவியல். அந்தச் சமயத்தில் இரண்டு வாரம் அவள் வாசலில் இருந்துதான் பேசினாள். உள்ளே டவர் கிடைக்கவில்லை என்றாள். எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. அவளோடு சேர்த்து ஊரையும் பார்க்கலாம் அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே இரண்டு வருடத்தை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒத்திகை வைத்தேன். மனைவியும், மூன்றாவது படிக்கும் மகளும்தான் தொழிலாளர்கள். நான் சேஃப்டி ஷூவோடு நடுக்கூடத்தில் நின்றேன். கூட்டிப் பெருக்கிய வீட்டில் இது என்ன கூத்து என்று முணுமுணுத்தபடி மனைவி பாயில் உட்கார்ந்தாள். முதல் ஸ்லைடே ஒரு கேள்வி: தீயைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? சத்தம் போட்டு எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது பதில்.

மகள் கை தூக்கினாள். "அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தாள். எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டேன்.

கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தைத்த துணிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. சுவிட்சை அணைக்காமல், அயர்ன் பாக்ஸைத் துணி மேலேயே வைத்துவிட்டு, மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். போன நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. திரும்பி வந்தால் ஜன்னல் வழியாகப் புகை. மகளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, மெயினை இறக்கிவிட்டு, கோணியைத் தொட்டியில் முக்கி அடித்து அணைத்திருக்கிறாள். மெயினை முதலில் இறக்க வேண்டும் என்று எப்போதோ போனில் நான் பீற்றிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. தைத்த துணியும் திரைச்சீலையும் போயின. நடுக்கூடத்துச் சுவர் கூரை வரைக்கும் கறுத்துவிட்டது. வெள்ளையடித்து முடிக்க இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரம்தான் உள்ளே டவர் கிடைக்காத இரண்டு வாரம்.

கத்தினேன். மகள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? போனுக்குள்ளேர்ந்து தண்ணி ஊத்தியிருப்பீங்களா?"

எங்கள் கடற்கரையில், கோட்டக்குப்பம் வரைக்கும், வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் சட்டம். காய்ச்சல் விட்ட பிறகுதான் காய்ச்சல் வந்த செய்தி கடல் தாண்டும். நானும் அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்துவிட்டு, சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொல்லியவன்தான். ஷூவைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் எதுவானாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். சரிங்க என்றாள்.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர் இருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்ததும் வழக்கம்போல அவள் படம் வந்தது. நான் ஸ்லைடுக்குப் போகவில்லை. இது தீப்பிடித்த வீட்டின் படம் என்றேன். தீ எங்கே என்று ஒருவர் கேட்டார். படத்தில் தெரியாத பக்கத்தில் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. நன்றாக இருந்தது என்றார்கள். கூப்பிடுகிறோம் என்றார்கள்.

மீதி நாளெல்லாம் குளிக்கும்போதுகூடப் போனை ஜன்னலில் வைத்துக்கொண்டு குளித்தேன். அது அடிக்கவில்லை. லீவு முடிந்தது.

வளைகுடாவுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள், புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன். அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். முதல் ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். என்ன ஆச்சு, பாப்பா எங்கே என்று கேட்டேன்.

"பாப்பா ஸ்கூல்ல இருக்குது. வீட்டுல ஒண்ணும் ஆவல," என்றாள். "எதுவானாலும் மொதல்ல சொல்லணும்னீங்களே. நீங்க இல்லாம முடியலங்க. அதான் சொல்லிட்டேன்."

அலாரம் அடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இருபத்து மூன்று ஸ்லைடு வைத்திருக்கிறேன். போனைக் காதில் வைத்தபடி அந்த வெயிலில் அப்படியே நின்றேன். உள்ளே முப்பது பேர் முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் காத்திருந்தார்கள்.